முதல் டிஜிட்டல் பியானோ: யமஹா பி-145, ரோலண்ட் எஃப்பி-10, கேசியோ சிடிபி-எஸ்110 மூன்றில் எது?

கடைக்குப் போகுமுன் ஆசிரியரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பிள்ளையை அவர் தயார்செய்வது பியானோ கிரேடுக்கா, கீபோர்டு கிரேடுக்கா? நம் ஊரில் இரண்டையும் ‘கீபோர்டு கிளாஸ்’ என்றே சொல்வதால் தப்பான வாத்தியம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. டிரினிட்டி தேர்வில் பியானோ ஒரு பாடம், எலெக்ட்ரானிக் கீபோர்டு வேறொரு பாடம். கீபோர்டு பாடத்தில் இடது கை கார்டைப் பிடிக்க, வாத்தியமே தாளமும் பக்கவாத்தியமும் போடும். ஸ்டைலை (தானாக ஓடும் தாள வகையை) மாற்றுவதும் குரலை (பியானோ, வயலின் போன்ற ஒலியை) மாற்றுவதும் அங்கே வாசிப்பின் பகுதி. கீழே ஒப்பிடும் மூன்று பியானோக்களிலும் அந்த வசதி கிடையாது. ஆசிரியர் கீபோர்டு கிரேடு என்றால் 61 கீ உள்ள, டச் சென்சிட்டிவ் கீபோர்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது.

கர்நாடக இசைக்காக வாங்குபவர்களும் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கமகம் வாசிக்க, ஸ்வரத்தை வழுக்கி ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் வேண்டும். இந்த மூன்றிலும் அது இல்லை. கேசியோ சிடி-எஸ்300 போன்ற எளிய கீபோர்டில்கூட இருக்கிறது. பாடுபவருக்குச் சுருதி கொடுக்க மட்டும் என்றால் டிஜிட்டல் பியானோவின் டிரான்ஸ்போஸ் (எல்லாக் கீயின் சுருதியையும் அரை ஸ்வரப் படிகளில் ஏற்றி இறக்கும் அமைப்பு) போதும். 1 கட்டை என்பது சி. 5 கட்டை ஜி. சி-யில் கைப்பழக்கம் உள்ளவர் டிரான்ஸ்போஸை −5-இல் வைத்தால் அதே விரலில் 5 கட்டை வந்துவிடும். ஐந்தரைக்கு −4, ஆறுக்கு −3, ஒன்றரைக்கு +1.

பியானோதான் என்று முடிவானால் அடுத்த கேள்விக்கு ஒரே பதில்தான்: 88 கீ, ஹாமர் ஆக்‌ஷன். ‘முதலில் 61 கீ வாங்குவோம், பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்’ என்ற கணக்கு பார்க்கச் சிக்கனமாகத் தெரியும். ஆனால் சிக்கல் கீ எண்ணிக்கையில் இல்லை, எடையில் இருக்கிறது. சாதாரண கீபோர்டின் கீ ஸ்பிரிங்கில் நிற்கிறது. தொட்டதும் இறங்கும், விட்டதும் துள்ளி எழும். அசல் பியானோவில் கீயை அழுத்தினால் மறுமுனையில் ஒரு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டும். அந்தச் சுத்தியலை எறியும் எடையை விரல் பழக வேண்டும். ஸ்பிரிங் கீயில் ஒரு வருடம் பழகிய பிள்ளை வகுப்பில் பியானோ முன் உட்கார்ந்தால் மெல்லிய ஸ்வரங்கள் பாதி ஒலிக்காமல் போகும், நான்காம் ஐந்தாம் விரல்கள் சோர்ந்துவிடும். ஆர்வம் குறைகிறது என்று வீட்டில் நினைப்பார்கள். குறை பெரும்பாலும் கீயில்தான்.

விளம்பரத்தில் வரும் மூன்று சொற்களைப் பிரித்துப் படியுங்கள். ‘டச் சென்சிட்டிவ்’ என்றால் வேகமாக அழுத்தினால் சத்தம் கூடும், அவ்வளவுதான். எடை பற்றிய பேச்சே இல்லை. ‘செமி-வெயிட்டட்’ என்றால் ஸ்பிரிங்கோடு கொஞ்சம் கனம் சேர்த்தது. ‘ஹாமர் ஆக்‌ஷன்’ அல்லது ‘ஃபுல்லி வெயிட்டட்’ என்று இருந்தால்தான் உள்ளே சுத்தியல் பொறி இருக்கிறது என்று அர்த்தம். 88 கீ இருப்பதாலேயே ஹாமர் ஆக்‌ஷன் ஆகிவிடாது. அலெசிஸ் ரிசைட்டலில் 88 கீ உண்டு, ஆனால் செமி-வெயிட்டட். ரோலண்டின் கோ:பியானோ 88-ம் ஹாமர் இல்லாதது. பெயரில் பியானோ, விலை குறைவு, எடை குறைவு என்று மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள்.

இனி மூன்றுக்கு வருவோம். கடைக்குக் கடை விலை மாறுவதால் தொகை எழுதவில்லை. பெரும்பாலும் கேசியோ கீழே, யமஹா நடுவில், ரோலண்ட் மேலே இருக்கும்.

கீ: முடிவு செய்ய வேண்டிய இடம்

ரோலண்ட் எஃப்பி-10-இல் இருப்பது பிஎச்ஏ-4 ஸ்டாண்டர்ட் ஆக்‌ஷன். இதே ஆக்‌ஷன் அதற்கு மேல்நிலையில் உள்ள எஃப்பி-30எக்ஸிலும் இருக்கிறது. அதாவது விரலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்று. ஒவ்வொரு கீக்கும் மூன்று சென்சார். இதன் பயன், ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வேகமாக வாசிக்கும்போது தெரியும். இரண்டு சென்சார் உள்ள கீயை ஏறக்குறைய முழுவதும் மேலே வரவிட்டால்தான் அடுத்த தட்டு பதியும். மூன்றாவது சென்சார் இருந்தால் பாதி எழுந்த நிலையிலேயே மறுபடி தட்டலாம். மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள்: கீ அடியை எட்டுமுன் சின்னத் தடங்கல் ஒன்று விரலில் படும். கிராண்ட் பியானோவில் சுத்தியல் கீயிலிருந்து விடுபடும் எஸ்கேப்மென்ட் உணர்வைப் போலச் செய்தது. கீயின் மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பு, வியர்வை விரல் வழுக்காது. சென்னையில் மே மாதம் வாசிப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

யமஹா பி-145-இல் உள்ளது ஜிஎச்சி ஆக்‌ஷன். 2023-இல் பி-45-க்குப் பதிலாக வந்தது. ரோலண்டைவிட லேசாகவும் கொஞ்சம் ஆழம் குறைந்ததாகவும் கைக்குத் தோன்றும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இது வசதிதான். பெரியவர் கைக்குச் சீக்கிரம் போதாமல் போகலாம். வெள்ளைக் கீ வழவழப்பு, கறுப்புக் கீ பளபளப்பில்லாதது. இதற்கு மேலே உள்ள பி-225-இலும் அதே ஜிஎச்சிதான்.

கேசியோ சிடிபி-எஸ்110-இல் இருப்பது ஸ்கேல்டு ஹாமர் ஆக்‌ஷன் 2. மூன்றிலும் மெல்லிய உடல் இதற்குத்தான், முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை 232 மில்லிமீட்டர். அந்த மெலிவுக்கு ஒரு விலை உண்டு. கீயின் சுழல்புள்ளி வாசிப்பவருக்கு அருகில் வந்துவிடுகிறது. ஊஞ்சல்பலகையில் நடுவுக்கு நெருங்கி உட்கார்ந்து அழுத்தினால் எப்படிக் கனக்குமோ, அப்படி கீயின் உட்புறத்தில் விரல் வைத்தால் கனக்கும். சி மேஜர் ஸ்கேல் வாசிக்கும்வரை இது தெரியாது. கறுப்புக் கீக்களுக்கு நடுவே விரல் போகும் இ ஃபிளாட், ஏ ஃபிளாட் ஸ்கேல்கள் வரும்போது தெரியும். குறை மற்ற மெல்லிய பியானோக்களிலும் உண்டு, இதில் சற்று அதிகம். கீ மேற்பரப்பு இதிலும் சொரசொரப்பானது.

எங்கள் வரிசை: விரலுக்கு எஃப்பி-10 முதலிடம், பி-145-ம் சிடிபி-எஸ்110-ம் அதற்குப் பின்னால் அருகருகே. மற்ற குணங்களில் எஃப்பி-10 எல்லா இடத்திலும் முந்தவில்லை.

சத்தம், ஸ்பீக்கர், தடதடப்பு

ஸ்பீக்கர் பி-145-இல் 7 வாட் இரண்டு, எஃப்பி-10-இல் 6 வாட் இரண்டு, சிடிபி-எஸ்110-இல் 8 வாட் இரண்டு. தாளில் வித்தியாசம் பெரிதில்லை. காதில் எஃப்பி-10 கொஞ்சம் மூடிய குரலாகக் கேட்கும், ஏனென்றால் ஸ்பீக்கர்கள் தரையைப் பார்த்து இருக்கின்றன. கட்டில்மேலோ சாப்பாட்டு மேசைமேலோ வைத்தால் இன்னும் அடைபடும். அடியில் காற்று போகும் ஸ்டாண்டில் வைத்தால் தெளியும். ஹெட்போன் போட்டால் நிலைமை தலைகீழ்: அதே எஃப்பி-10 மூன்றிலும் நன்றாக ஒலிக்கும். ஆகவே எப்படி வாசிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஹாலில் வைத்து வீட்டார் கேட்க வாசிப்பதென்றால் பி-145 வசதி. இரவு ஒன்பதுக்குமேல் ஹெட்போனில் என்றால் எஃப்பி-10.

ஹெட்போன் கம்பி உள்ளதாகவே இருக்கட்டும். புளூடூத் ஹெட்போனில் கீயை அழுத்திச் சற்றுப் பொறுத்துத்தான் ஒலி காதுக்கு வரும், தாளம் கெட்டுவிடும். எஃப்பி-10-இல் ‘புளூடூத் உண்டு’ என்று கடையில் சொல்வார்கள். அது மிடி தகவல் (எந்தக் கீயை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்ற குறிப்பு) மட்டும் அனுப்பும் புளூடூத். போனிலுள்ள ஆப்போடு சேரும். போனில் ஓடும் பாட்டை ஸ்பீக்கரில் ஒலிக்காது. பாட்டைப் போட்டுக்கொண்டு கூட வாசிக்க ஆசைப்படுபவருக்கு சிடிபி-எஸ்110-இன் ஆடியோ உள்ளீடு ஒரு சாதாரணக் கேபிளில் வேலையை முடித்துவிடும்.

அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் மறக்கும் ஒன்று: ஹெட்போன் போட்டால் பக்கத்து வீட்டுக்குத்தான் அமைதி, கீழ்வீட்டுக்கு இல்லை. கீ அடித்தட்டில் மோதும் ‘தொப் தொப்’ ஸ்டாண்டின் காலில் இறங்கித் தரை வழியாகக் கீழே போகும். மூன்றிலும் எஃப்பி-10-க்கு இந்தத் தட்டல் ஒலி கூடுதல். பிள்ளைகள் விளையாடப் போடும் 10 அல்லது 12 மில்லிமீட்டர் தடிப்பான ஈவிஏ ஃபோம் பாயை ஸ்டாண்டுக்கு அடியில் போட்டால் பெருமளவு குறையும். தட்டல் ஒலியே தலையாய கவலை என்றால் பட்ஜெட்டை ஏற்றி, கவாய் இஎஸ்120-ஐ ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதன் கீ அமைப்பில் மோதலைத் தாங்கும் மெத்தைப்பொருள் கூட்டியிருக்கிறார்கள்.

பாலிஃபனி, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரம் ஒலிக்கும் என்ற எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். பி-145-ம் சிடிபி-எஸ்110-ம் 64, எஃப்பி-10 96. பெடலை மிதித்தபடி நிறைய ஸ்வரங்களை அடுக்கினால்தான் 64 தீரும். அப்போது பழைய ஸ்வரம் ஒன்று சத்தமில்லாமல் அறுபடும். முதல் மூன்று வருடப் பாடங்களில் அந்த நிலை அரிது. எத்தனை குரல்கள் என்பதும் அப்படியே. 10 குரலா 15 குரலா என்று பேரம் பேசுபவர்கள் வீட்டுக்குப் போய் கிராண்ட் பியானோ ஒன்றில்தான் வாசிப்பார்கள்.

இடமும் மின்சாரமும்

அகலத்தில் பி-145 1,326 மில்லிமீட்டர், சிடிபி-எஸ்110 1,322, எஃப்பி-10 1,284. அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே நாலேகால் அடி மட்டும் இருக்கிறது என்றால் எஃப்பி-10 மட்டும்தான் உள்ளே போகும். எடை முறையே 11.1, 10.5, 12.3 கிலோ. ஒருவரே தூக்கலாம், ஆனால் ஆட்டோவில் குறுக்கே நுழையாது.

மின்வெட்டு உள்ள ஊருக்கு சிடிபி-எஸ்110-க்கு ஒரு சாதகம் உண்டு: 6 ஏஏ பேட்டரியில் ஓடும். பி-145-க்கும் எஃப்பி-10-க்கும் அடாப்டர்தான் கதி. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கவலையில்லை, இவை இழுக்கும் மின்சாரம் ஒரு குழல்விளக்கு அளவுகூட வராது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பியானோ என்றால் அடாப்டரில் அச்சிட்ட ‘இன்புட்’ வரியைப் படித்தபிறகு செருகுங்கள். 100–240 வோல்ட் என்றால் நம் சுவரில் நேராகச் செருகலாம். 120 என்று மட்டும் இருந்தால் அந்த அடாப்டர் நம் 230 வோல்ட்டில் கருகிவிடும். வெளியீட்டு வோல்ட்டும் முனையின் பிளஸ்-மைனஸ் திசையும் பொருந்தும் வேறு அடாப்டர் வாங்க வேண்டியிருக்கும். கையில் கிடைத்த ரவுட்டர் அடாப்டரைச் செருகிப் பார்க்கும் பழக்கம் மதர்போர்டுக்கு ஆபத்து.

யமஹாவும் ரோலண்டும் அரைமணி நேரம் யாரும் தொடாவிட்டால் தானாக அணையும்படி அமைத்து வருகின்றன. சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுமுன் கையேட்டில் ‘ஆட்டோ பவர் ஆஃப்’ பக்கத்தைப் பாருங்கள்.

ஸ்டாண்ட், பெடல், இருக்கை

இவற்றுக்குப் பட்ஜெட்டில் தனியாக எடுத்துவைக்காதவர்கள் கடைசியில் எக்ஸ் ஸ்டாண்டோடு வீட்டுக்கு வருவார்கள். எக்ஸ் ஸ்டாண்ட் லேசான கீபோர்டுக்குச் சரி. 12 கிலோ பியானோவை ஏற்றி இடதுகைப் பக்கம் அழுத்தி வாசித்தால் ஊசலாடும். உயரத்தைக் குறைத்தால் கால்கள் விரிந்து முட்டியில் இடிக்கும். அந்தந்த மாடலுக்கென்றே செய்த மரச்சட்ட ஸ்டாண்டுகள் உள்ளன: பி-145-க்கு எல்-100, எஃப்பி-10-க்கு கேஎஸ்சிஎஃப்பி-10, சிடிபி-எஸ்110-க்கு சிஎஸ்-46பி. விலை அதிகம் என்று தோன்றினால் இசட் வடிவ இரும்பு ஸ்டாண்ட் நடுவழி. மாடலின் ஸ்டாண்டுக்கு உயரம் மாறாது. அதனால் இருக்கையாவது ஏற்றி இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

உயரம் சரியா என்று பார்க்க ஒரே சோதனை: விரல்களைக் கீமேல் வைத்தபோது முழங்கையும் கீயின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வெள்ளைக் கீயின் மேற்பரப்பு தரையிலிருந்து 71 முதல் 74 சென்டிமீட்டர்வரை இருப்பது வழக்கம். பெரியவருக்கு அப்போது இருக்கை 45–50 சென்டிமீட்டர் வரும். சாப்பாட்டு நாற்காலி போதும் என்று விட்டால் தோள் உயர்ந்து, மணிக்கட்டு தொங்கி, மூன்று மாதத்தில் ‘கை வலிக்கிறது’ என்ற புகார் வரும். சின்னப் பிள்ளைக்கு இருக்கையை உயர்த்தினால் கால் அந்தரத்தில் நிற்கும்; அடியில் ஒரு மணை போடுங்கள்.

பெட்டியோடு வரும் பெடல் பெரும்பாலும் ஆன்-ஆஃப் சுவிட்ச் மட்டும்தான். டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். கார் டாஷ்போர்டில் போடும் வழுக்காத ரப்பர் விரிப்புத் துண்டை அடியில் வையுங்கள். பிறகு எஃப்பி-10-க்கு டிபி-10, பி-145-க்கு எஃப்சி3ஏ வாங்கினால் பாதி மிதிப்பும் வாசிப்பில் பதியும். முதல் நாளே வேண்டியதில்லை, ஆசிரியர் சொல்லும்போது வாங்கலாம். மூன்று பெடல் உள்ள யூனிட்டை எஃப்பி-10-இல் செருக முடியாது, பெடலுக்கு ஒரே துளைதான்.

பெடலை மிதித்தால் ஒலி நின்று, எடுத்தால் நீண்டு ஒலிக்கிறதா? பழுது அல்ல, துருவம் மாறியிருக்கிறது. வேறு கம்பெனிப் பெடல் போட்டால் இப்படி வரும். பெடலின் அடியில் துருவச் சுவிட்ச் இருந்தால் மாற்றுங்கள். சொந்தப் பெடலிலேயே வந்தால், காலை எடுத்துவிட்டு அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். மிதித்தபடியே ஆன் செய்தால் சில வாத்தியங்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும்.

கொஞ்சம் அதிகம் செலவழிக்கலாமா?

எதற்கென்று தெரிந்து செலவழியுங்கள். எஃப்பி-10-இலிருந்து எஃப்பி-30எக்ஸுக்குப் போனால் கிடைப்பது 11 வாட் ஸ்பீக்கர் இரண்டு, 256 பாலிஃபனி, 56 குரல், போன் பாட்டை ஒலிக்கும் புளூடூத், கீ அதேதான். பி-225-க்குப் போனால் கிடைப்பது யமஹாவின் கச்சேரிப் பியானோவான சிஎஃப்எக்ஸ் கிராண்டின் மாதிரி ஒலி, 192 பாலிஃபனி, புளூடூத் ஆடியோ. அங்கேயும் கீ அதே. ஹாலில் எல்லோரும் கேட்க வாசிக்கும் வீடென்றால் எஃப்பி-30எக்ஸுக்குக் கூடுதல் பணம் தகும். ஹெட்போன் வீட்டுக்குத் தகாது.

மூன்று பெடலும் மரப்பெட்டியும் உள்ள கன்சோல் வகையை ‘நிஜப் பியானோ மாதிரி’ என்று வாங்குபவர்களும் உண்டு. யமஹா ஒய்டிபி-145 சுமார் 38 கிலோ. ஆனால் அதன் ஜிஎச்எஸ் கீ ஆக்‌ஷன் பழைய பி-45-இல் இருந்ததே. அதே வரிசையில் ஒய்டிபி-165-க்குத்தான் கீ உயர்கிறது, ஜிஎச்3 என்று மூன்று சென்சாரோடு. வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவருக்குக் கன்சோலை நாங்கள் சொல்லமாட்டோம். பிரித்து, படியில் இறக்கி, மறுபடி பூட்டும்போது திருகுத் துளைகள் தளர்ந்துவிடும்.

வாங்கும் நாள், பழையதை வாங்கும் நாள்

கடையில் கால்மணி நேரமாவது கேளுங்கள். சொந்த ஹெட்போனைக் கொண்டுபோங்கள், கடையின் இரைச்சலில் ஸ்பீக்கரை எடைபோட முடியாது. மூன்று வாத்தியங்களிலும் முதல் பியானோ குரலையே வையுங்கள். நடு சி-யை எவ்வளவு மெதுவாக அழுத்தியும் ஒலிக்கச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். அதே கீயை இரண்டு விரலால் மாற்றி மாற்றி வேகமாகத் தட்டுங்கள். கறுப்புக் கீக்களுக்கு நடுவே, உள்ளே தள்ளி ஒரு வெள்ளைக் கீயை அழுத்துங்கள். கடைசியாகச் சத்தத்தைச் சுழியத்துக்குக் குறைத்துவிட்டு வாசித்து, கீயின் தட்டல் ஒலியை மட்டும் கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவரும் இவ்வளவையும் செய்யலாம்.

பழையதில் பி-45, பி-125, எஃப்பி-30, இஎஸ்110 கண்ணில்பட்டால் பார்க்கலாம், எல்லாமே ஹாமர் ஆக்‌ஷன். சோதனை இப்படி: ஹெட்போனில், டச் அமைப்பு நடுநிலையில், அடிக் கீயிலிருந்து 88 கீயையும் ஒரே மெல்லிய அழுத்தத்தில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நடுவில் ஒன்று மட்டும் சட்டென்று கத்தினாலோ ஊமையாக இருந்தாலோ, கீக்கு அடியிலுள்ள ரப்பர் காண்டாக்டில் தூசியோ ஈரமோ ஏறியிருக்கிறது. கடற்கரை ஊர்களில் இது சகஜம். ஓரிரு கீ என்றால் பிரித்துச் சுத்தம் செய்தால் சரியாகும், அதற்குத் தகுந்தபடி விலையைக் குறைத்துக் கேளுங்கள். நடு ஆக்டேவில் நாலைந்து கீயில் ‘டக்’ என்ற பிளாஸ்டிக் ஓசை வந்தால் உள்ளே ஃபெல்ட் தேய்ந்திருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். ஹெட்போன் முனையைத் துளையில் மெல்லத் திருப்பி ஒரு காது அறுபடுகிறதா என்று பார்த்துவிட்டு, அடாப்டர் அசலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் வாசிக்காத நேரத்தில் ஒரு பருத்தித் துணியைப் போட்டு மூடிவையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். கீயைத் துடைக்க நன்றாகப் பிழிந்த ஈரத்துணி போதும், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே வேண்டாம். அட்டைப்பெட்டியையும் தெர்மகோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் ஏற்றிவையுங்கள். நாலடி நீள வாத்தியத்தைப் பெட்டியில்லாமல் சர்வீஸுக்கு அனுப்பினால் ஓரக் கீக்கள் முறிந்து வர வாய்ப்பு அதிகம்.